நெருப்பும் மழையும் செதுக்கிய தீவு: ரீயூனியனில் சாகசத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ரீயூனியன், சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பளவே கொண்ட எரிமலைத் தீவு. 1946 முதல் பிரான்சு நாட்டின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்றாக விளங்குகிறது. பவளத்திட்டுகள் சூழ்ந்த கடற்கரையில் காலை உணவை முடித்துக்கொண்டு காரில் புறப்படும் ஒருவர், சில மணி நேரத்தில் 2,300 மீட்டர் உயரத்தில், குளிர்காலமாயின் நடுக்கும் குளிரில், எரிமலையின் விளிம்பில் நிற்க முடியும் என்பதே இத்தீவின் தனிச்சிறப்பு. எரிமலை நடை, லாவாக் குகை, அருவிகளில் கயிறு கட்டி இறங்குதல், பாராகிளைடிங், ஸ்கூபா டைவிங், திமிங்கிலம் காணல், ஹெலிகாப்டர் பயணம் என நீளும் பட்டியல் ஒரு வார விடுமுறையில் அடங்காது என்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி ஒவ்வொரு பயணிக்கும் எழுகிறது. விலையையும் நண்பர்களின் புகைப்படங்களையும் மட்டும் பார்த்து இதற்கு விடை காண்பவர்களே மிகுதி. எரிமலைத் தீவு ஒன்றில் அது போதாது. அந்த நிலம் உருவான விதத்தை ஓரளவு அறிந்தவரால்தான் தமக்குப் பொருந்தும் சாகசம் எது, அதை எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த வரிசையில் செய்வது என்பதைத் தெளிவாக முடிவு செய்ய இயலும்.

தீவு பிறந்த கதை

பூமியின் மேலோட்டுக்கு அடியில், ஆழத்திலிருந்து வெப்பம் மிகுந்த பாறைப்பொருள் தொடர்ந்து மேலெழும் இடத்தைப் புவியியலார் வெப்பப்புள்ளி என்பர். புவித்தட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்க, வெப்பப்புள்ளி பெரும்பாலும் தன் இடத்திலேயே நிலைப்பதால், அதன் மீது கடந்துசெல்லும் தட்டில் எரிமலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. ரீயூனியனுக்கு அடியிலுள்ள வெப்பப்புள்ளிதான் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரம் உள்ளிட்ட தக்காணப் பீடபூமியில் பரந்த கரும்பாறை அடுக்குகளை உண்டாக்கியது என்பதும், இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்த பாதையில் லட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றின் அடித்தளத்தையும் பின்னர் மொரீஷியசையும் எழுப்பியது என்பதும் அறிவியலாளர்களின் பரவலான கருத்து. அந்த நெடும் வரிசையில் இன்றைய கடைசித் தீவு ரீயூனியன்.

இத்தீவில் இரண்டு எரிமலைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. வடமேற்கில் உள்ள பித்தோன் தே நேஜ் சுமார் 3,070 மீட்டர் உயரமுடையது. இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயர்ந்த சிகரமான இது நெடுங்காலமாக அடங்கிக் கிடக்கிறது. தென்கிழக்கில் உள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர் உயரமுடையது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150க்கும் மேற்பட்ட முறை வெடித்துள்ள இது, உலகில் மிகவும் சுறுசுறுப்பாக இயங்கும் எரிமலைகளுள் ஒன்று. அடங்கிய மலையை மழை அரித்துச் செதுக்கியிருக்கிறது. இயங்கும் மலையை நெருப்பு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. தீவில் உள்ள சாகசங்கள் பெரும்பாலும் இந்த இரு செயல்களுள் ஒன்றைச் சார்ந்தே அமைகின்றன.

எரிமலையின் மீது ஒரு நாள்

எரியும் மலைக்கு அருகே மக்களை நடக்க விடுவது எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் இயல்பானது. அதற்கு விடை பாறைக்குழம்பின் தன்மையில் இருக்கிறது. இங்கு வெளிவரும் குழம்பு பசால்ட் வகையைச் சேர்ந்தது. அதில் சிலிக்கா குறைவாக இருப்பதால் அது இளகி ஓடுகிறது, உள்ளே அடைபட்ட வாயுக்களும் எளிதாக வெளியேறுகின்றன. ஆகவே மலையே சிதறும் வகையிலான பெருவெடிப்பு இங்கு அரிது. பிளவுகளிலிருந்து குழம்பு ஊற்றெடுத்து ஓடுவதே வழக்கம். அதோடு, குழம்பு பெரும்பாலும் ஆங்க்ளோ ஃபூக்கே எனப்படும் குடியிருப்பற்ற பெரும்பள்ளத்துக்குள்ளேயே பாய்கிறது. எரிமலையின் உச்சிப்பகுதி உள்ளிடிந்து அமிழ்வதால் தோன்றும் இத்தகைய பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர்.

மூன்று பக்கங்களில் செங்குத்துச் சுவர்களால் சூழப்பட்ட இந்தப் பள்ளம் கிழக்கே கடலை நோக்கித் திறந்திருக்கிறது; எனினும் குழம்பு எப்போதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதில்லை. 1977 ஏப்ரலில் பள்ளத்துக்கு வெளியே திறந்த பிளவிலிருந்து பாய்ந்த குழம்பு பித்தோன் சேன்-ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்து, அவ்வூர்த் தேவாலயத்தின் வாசல்வரை வந்து இருபுறமும் பிரிந்து நின்றது; அந்நிகழ்வுக்குப் பிறகே 1979இல் எரிமலை ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 2007 ஏப்ரலில் உச்சியிலுள்ள தொலொமியூ எரிமலைவாயின் தரை 300 மீட்டருக்கும் மேலாகக் கீழே அமிழ்ந்ததும், குழம்பு நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் கலந்ததும் இம்மலையின் வலிமைக்குச் சான்றுகள். நில அதிர்வுகள் கூடும்போது அரசு நிர்வாகம் பள்ளத்துக்குள் இறங்கும் வாயிலை அடைத்துவிடுகிறது. அடைத்த வாயிலைத் தாண்டிச் செல்வது சாகசமன்று, சட்டமீறல். அத்தகைய நாள்களில் விளிம்பிலுள்ள அனுமதிக்கப்பட்ட காட்சிமுனைகளிலிருந்து இரவில் ஒளிரும் குழம்பைக் காணும் வாய்ப்பு கிடைக்கலாம்.

அமைதியான நாள்களில் நடை தொடங்கும் இடம் பா த பெல்கோம்ப். அங்கு வரும் வழியிலேயே, செம்பழுப்பு எரிமலைத் துகள்கள் பரவிய பிளேன் தே சாப்ல் என்ற வெட்டவெளியைச் சாலை கடக்கிறது. காட்சிமுனையிலிருந்து பாறைச்சுவரை ஒட்டிச் செதுக்கிய 500க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கினால் கரிய தளம் விரிகிறது. சற்றுத் தொலைவில் 1753இல் எழுந்த ஃபோர்மிகா லியோ என்னும் சிறு குன்று, உடைந்த செங்கல்லின் நிறத்தில் நிற்கிறது. அதன் பிறகு பாதை என்று தனியே ஒன்றில்லை. பாறை மீது இட்ட வெள்ளை வண்ணப் புள்ளிகளே வழி. காலடியில் இருவகை லாவாவைக் காணலாம். வழவழப்பான மேற்பரப்பு மடிந்து முறுக்கிய கயிறு போல் உறைந்திருப்பது பஹோய்ஹோய் எனப்படும். கரடுமுரடான கட்டிகளாக உடைந்து கிடப்பது ஆஆ எனப்படும்; இத்தீவு மக்கள் அதைக் கிராத்தோன் என்பர். பின்னதன் மீது தடுக்கி விழுபவரின் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். ஆகவே கணுக்காலை மூடும் தடித்த காலணியும் முழுக்கால் சட்டையும் கட்டாயம்.

எரிமலைவாயின் விளிம்புவரை சென்று திரும்ப ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். இந்தப் பாறை நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது என்பதால் பெய்யும் மழையெல்லாம் உள்ளே இறங்கிவிட, வழியில் குடிக்க ஒரு சொட்டு நீரும் கிடைப்பதில்லை, நிழலும் இல்லை. இதைவிடப் பெரிய இடர் மூடுபனி. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மேகமாகி மலையைச் சூழ்ந்துகொண்டால், அடுத்த வெள்ளைப் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் விடியலில் நடையைத் தொடங்குவதே அறிவு. முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளுடன் வருபவர்களும் ஃபோர்மிகா லியோவரை சென்று திரும்பினாலே எரிமலையின் இயல்பை நன்கு உணரலாம். மழை பெய்து நடை கெட்டுப்போனால், பூர்-முரா என்னும் ஊரில் உள்ள சித்தே து வோல்கான் அருங்காட்சியகம் அந்நாளுக்குப் பொருத்தமான மாற்று.

லாவாக் குழாய்க்குள்

ஓடும் குழம்பின் மேற்பரப்பு காற்றுபட்டு முதலில் இறுகிவிடுகிறது; உள்ளே உள்ளது வெப்பம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊற்று நின்றதும் உள்ளிருந்த குழம்பு வடிந்துபோய், வெற்றுக் குகை ஒன்று எஞ்சுகிறது. இதுவே லாவாக் குழாய். தீவின் கிழக்குச் சரிவில், 2004ஆம் ஆண்டுக் குழம்பு விட்டுச்சென்ற குழாய்களுக்குள் வழிகாட்டியுடன் செல்ல முடிகிறது. தலைக்கவசமும் விளக்கும் முழங்கால் உறையும் கையுறையும் அணிந்து, சில இடங்களில் நிமிர்ந்தும் சில இடங்களில் ஊர்ந்தும் நகரும்போது, கூரையிலிருந்து உருகிச் சொட்டிய நிலையிலேயே உறைந்த சிறு பாறைத்துளிகளையும், சுவர்களில் குழம்பு ஓடிய மட்டத்தைக் காட்டும் கோடுகளையும் அருகில் காணலாம். உயர அச்சம் உள்ளவர்களுக்கும், வெயிலில் நீண்ட தூரம் நடக்க இயலாதவர்களுக்கும் இது ஏற்ற தேர்வு. மூடிய இடங்களில் மூச்சுத்திணறும் இயல்புடையவர்கள் தவிர்ப்பது நல்லது.

மழை அகழ்ந்த பள்ளங்கள்

பித்தோன் தே நேஜ் சிகரத்தைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாசி என்ற மூன்று மாபெரும் பள்ளங்கள் உள்ளன. அடங்கிய எரிமலையின் பக்கங்கள் சரிந்தும், வெள்ளத்தால் அரிக்கப்பட்டும் உண்டான இவற்றைச் சீர்க் என்று பிரெஞ்சு மொழியில் அழைக்கின்றனர். இப்பள்ளங்களும் சிகரங்களும் செங்குத்துச் சுவர்களும் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. தீவின் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட நிலம் 2007 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது.

மலையேற்றத்தை விரும்புபவர்களுக்கு மஃபாத் ஈடிணையற்றது. அதற்குள் செல்ல இன்றும் சாலை இல்லை. அங்கு வாழும் சில நூறு மக்களுக்கு வேண்டிய பொருள்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன, மற்றபடி நடந்து செல்வதே வழி. அடிமை முறை நிலவிய காலத்தில் கரும்பு, காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பியோடியவர்கள் புகலிடமாகக் கொண்ட நிலம் இது. சலாசி பக்கமிருந்து கோல் தே பெஃப் என்ற கணவாய் வழியாக லா நூவெல் என்னும் சிற்றூருக்கு இறங்க இரண்டு மணி நேரம் போதும். ஆனால் இறங்கிய உயரம் முழுவதையும் மாலையில் ஏறியாக வேண்டும் என்பதால், சிற்றூர் விடுதி ஒன்றில் முன்பதிவு செய்து ஓர் இரவு தங்குவோரே இப்பயணத்தின் முழுப் பயனையும் பெறுகின்றனர். இன்னும் வலிமை உள்ளவர்கள் சிலாவோசிலிருந்து 2,478 மீட்டர் உயரத்தில் உள்ள கவெர்ன் துஃபூர் விடுதிவரை ஏறி, அங்கு உறங்கி, விடியலுக்கு முன் கைவிளக்குடன் பித்தோன் தே நேஜ் உச்சியை அடைந்து கதிரவன் எழுவதைக் காண்கின்றனர். வெப்பமண்டலத் தீவு என்ற எண்ணத்தில் மெல்லிய உடையுடன் போகிறவர்கள் இங்கே குளிரில் வருந்துவார்கள்.

சிலாவோசும் சலாசியும் கேன்யனிங் என்னும் விளையாட்டுக்குப் பேர்பெற்றவை. மலையிடுக்கில் ஓடும் நீரோடையைப் பின்பற்றி, அருவிகளின் பக்கவாட்டில் கயிற்றில் இறங்கியும், இயற்கைப் பாறைச் சறுக்குகளில் வழுக்கியும், குளங்களில் குதித்தும் கீழே வருவதே இது. சிலாவோசின் ஃப்ளேர் ஜோன் ஓடையில் கயிற்றுவேலை மிகுதி. சலாசியின் துரூ பிளான் ஓடையில் நீர்விளையாட்டு மிகுதி. உயரத்தை விரும்புபவர் முன்னதையும் நீந்தத் தெரிந்தவர் பின்னதையும் நாடலாம்.

எனினும் இங்கு நினைவில் இருத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு: மிகக் குறுகிய காலத்தில் பெய்த மழைக்கான உலகச் சாதனைகள் பல இத்தீவுக்கு உரியவை. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழையும், 2007 பிப்ரவரியில் கொமெர்சோன் எரிமலைவாய்ப் பகுதியில் 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் மழையும் பதிவாயின. சென்னை நகரம் ஓராண்டில் பெறும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். இவ்வளவு நீரும் செங்குத்தான பள்ளங்கள் வழியே ஒருசேர இறங்குவதால், மேலே மலையில் பெய்யும் மழை கீழே வெயிலில் நிற்பவர் மீது சில நிமிடங்களில் வெள்ளமாகப் பாயக்கூடும். ஆகவே மழை ஐயம் உள்ள நாளில் வழிகாட்டி பயணத்தைக் கைவிட்டால், அவரிடம் வாதாடுவதை விட நன்றி சொல்வதே முறை.

காற்றில் மிதக்கும் காலை

மேற்குக் கரையிலுள்ள சேன்-லு நகரம் பாராகிளைடிங்குக்கு உலகப் புகழ்பெற்றது. விசிறி போல் விரியும் துணிச்சிறகில் தொங்கியபடி காற்றில் மிதக்கும் இவ்விளையாட்டுக்குச் சீரான மென்காற்று தேவை. தென்கிழக்கிலிருந்து வீசும் தடக்காற்றை, அதாவது வெப்பமண்டலக் கடல்களில் ஆண்டு முழுதும் ஒரே திசையில் வீசும் காற்றை, உயர்ந்த மலைகள் தடுத்துவிடுவதால் சேன்-லு மலையின் மறைவில் இருக்கிறது. காலையில் வெயில்பட்ட சரிவு சூடாகும்போது கடலிலிருந்து இதமான காற்று மேலேறுகிறது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டு, காயல்மீது பறந்து, கடற்கரையில் இறங்கலாம். அனுபவமற்றவர்கள் பயிற்சி பெற்ற விமானியுடன் இணைந்து பறப்பதால், புறப்படும்போது சில எட்டுகள் ஓடத் தெரிந்தால் போதும். முதன்முறை சாகசத்தில் இறங்குபவருக்கும் நடுவயது கடந்தவருக்கும் இது பொருத்தமானது. மேகம் சேர்வதற்கு முந்தைய காலை நேரமே இதற்கும் உகந்தது.

கடலில் எல்லை தெரிந்து இறங்குதல்

இளம் தீவு என்பதால் ரீயூனியனைச் சுற்றிப் பவளத்திட்டு முழுமையாக வளரவில்லை. பெரும்பாலும் மேற்குக் கரையில், லெர்மிதாஜ், லா சலீன் போன்ற இடங்களில், ஆழமற்ற காயல் உண்டு. கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மிதந்தபடி பவளங்களையும் வண்ண மீன்களையும் பார்க்க இதுவே பாதுகாப்பான இடம். பவளத்தின் மீது கால் ஊன்றாமையும், காயல்நீர் கடலுக்குள் இழுக்கப்படும் திட்டு இடைவெளிகளை அணுகாமையும் இங்குள்ள அடிப்படை ஒழுங்குகள்.

காயலுக்கு வெளியே நிலைமை வேறு. 2011 முதல் சுறாத் தாக்குதல்களில் அலைச்சறுக்கு வீரர்களும் நீந்துவோரும் பலர் உயிரிழந்ததால், காயலும் கண்காணிப்புள்ள குறிப்பிட்ட பகுதிகளும் தவிர்ந்த இடங்களில் நீந்துவதையும் அலைச்சறுக்கையும் 2013இல் அரசு தடைசெய்தது. மழைக்குப் பின் ஆற்றுமுகங்களில் கலங்கும் நீரில் காளைச்சுறாக்கள் நடமாடும் இயல்புடையவை. எனவே அலைச்சறுக்கையே முதன்மை நோக்கமாகக் கொண்டவர்கள் வேறு தீவைத் தேர்ந்தெடுப்பது நேர்மையான அறிவுரை. அண்டார்க்டிக் கடலிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் படகுப் பயணமே கடல் தரும் சிறந்த அனுபவம். அவற்றை அணுகும் தொலைவுக்கும் நேரத்துக்கும் உள்ள விதிகளை மதிக்கும் படகையே நாட வேண்டும்.

வரிசையும் பருவமும்

எரிமலைத் தீவுக்கே உரிய, பலர் அறியாத விதி ஒன்று இங்கு இன்றியமையாதது. ஸ்கூபா டைவிங்கில் ஆழத்தில் அழுத்தமிக்க காற்றைச் சுவாசிப்பவரின் உடலில் நைட்ரஜன் வாயு கரைந்து தங்குகிறது. அது மெல்ல வெளியேறுவதற்குள் உயரமான இடத்துக்குச் சென்றால், குறைந்த காற்றழுத்தத்தில் அவ்வாயு குமிழிகளாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அழுத்தக்குறைவு நோய் எனப்படும் இது உயிருக்கே தீங்காகலாம். விமானம் ஏறுவதற்கு 18 முதல் 24 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதைப் பலர் அறிவர். ஆனால் ரீயூனியனில் காலையில் மூழ்கி எழுந்தவர் மதியம் காரிலேயே 2,300 மீட்டரை எட்டிவிட முடியும் என்பதால், எரிமலைப் பயணம், பாராகிளைடிங், ஹெலிகாப்டர் ஆகிய எல்லாவற்றுக்கும் அதே எச்சரிக்கை பொருந்துகிறது. ஆகவே மலை முதலில், கடல் பின்னர், அதன் பின் ஒரு முழு நாள் ஓய்வு, இறுதியில் விமானம் என்பதே சரியான வரிசை.

அந்த ஓய்வு நாளைத் தமிழ்ப் பயணிகள் கீழைக் கரையிலுள்ள சேன்-ஆந்த்ரேவில் செலவிடலாம். 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்கள் வழியாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கு மல்பார் என்ற பெயரில் வாழ்கின்றனர். பேச்சுமொழி பெரும்பாலும் கிரியோலாகிவிட்ட போதிலும் கோயில்களும் காவடியும் தீமிதியும் தொடர்கின்றன.

பருவத்தைப் பொறுத்தவரை, மே முதல் அக்டோபர் வரையிலான உலர்ந்த குளிர்காலமே மலைக்கும் கேன்யனிங்குக்கும் திமிங்கிலத்துக்கும் ஏற்றது. ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் பெருமழையும் மிகுதி. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, பிரெஞ்சுச் சட்டப்படி ஊதியம் பெற்றுச் சாகச விளையாட்டு கற்பிப்பவர் அரசு ஏற்ற தகுதியும் தொழில் அட்டையும் வைத்திருக்க வேண்டும் என்பதை அறிந்து, அந்த அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம், அது அவமதிப்பன்று. இத்தீவு பிரான்சுக்கு உரியதாயினும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது என்பதால், ஷெங்கன் விசா வைத்திருப்பவரும் ரீயூனியனுக்குரிய அனுமதியைத் தனியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒரு வாரத்தில் எட்டுச் சாகசங்களை அடுக்குவதால் களைப்பும் கவனக்குறைவுமே மிஞ்சும். விபத்துகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நெருப்பை அறிய ஒன்று, மழை செதுக்கிய மலையை அறிய ஒன்று, காற்றையோ கடலையோ அறிய ஒன்று என மூன்றைத் தேர்ந்துகொண்டு, வானிலை கெட்டால் மாற்றிக்கொள்ள இரண்டு நாள்களை வெறுமையாக விட்டுவைப்பதே நல்ல திட்டம். மூடிய வாயிலின் முன் திரும்பி வரத் தயங்காதவரே எரிமலைத் தீவுக்குத் தகுதியான பயணி. பயணத்தைத் திட்டமிடும் ஒவ்வொருவரும் அந்த மனத்தெளிவையும் முன்கூட்டியே வளர்த்துக்கொள்ள வேண்டும்.